விண்டோஸ் மென்பொருள் லினக்ஸில் முரண்டு பிடிக்கிறதா? வைன் பழுது, அறிகுறி வாரியாக

எக்ஸ்இ கோப்பை இரண்டு முறை சொடுக்குகிறீர்கள். சுட்டிமுனைக்குப் பக்கத்தில் வட்டம் ஒன்று சுற்றுகிறது, நின்றுவிடுகிறது. ஜன்னல் திறக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. லினக்ஸுக்கு மாறிய பிறகும் ஒரே ஒரு விண்டோஸ் மென்பொருளை விட முடியாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த மௌனம் நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் வைனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அதனால் ஒன்றும் மாறாது. வைனை நீக்கினாலும் அதன் அமைப்புகள் உங்கள் ஹோம் கோப்புறையில் அப்படியே கிடக்கும். புதிதாக வந்த வைன் அதே பழைய குப்பையைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும்.

வைன் உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்குவதில்லை. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்த எழுத்தை வரை’ என்று நிரல் விண்டோஸிடம் கேட்பதை இடையில் வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 1993இல் தொடங்கிய வேலை இது; 1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் ஆனது. விண்டோஸின் நிரல்மூலத்தைப் பார்க்காமல், வெளியே தெரியும் நடத்தையை வைத்தே ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்ததால் அவ்வளவு காலம். ஆகவே பழுது பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிரல் எதைக் கேட்டது, அது ஏன் கிடைக்கவில்லை?

கட்டளைகளின் பெயரை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

டெஸ்க்டாப்பில் சொடுக்கினால் வைன் தன் புலம்பலை யாரிடமும் சொல்லாது. டெர்மினலைத் திறந்து, எக்ஸ்இ இருக்கும் கோப்புறைக்குள் போய், ‘வைன்’ என்று அடித்து, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரை அடியுங்கள். அந்தக் கோப்புறைக்குள் போய்த்தான் ஓட்ட வேண்டும். பழைய நிரல்கள் பலவும் தங்கள் தரவுக் கோப்புகளை, அழைக்கப்பட்ட இடத்திலேயே தேடும்.

வரிகள் கொட்டும். பயப்பட வேண்டாம். ‘ஃபிக்ஸ்மீ’ என்று தொடங்குபவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள். அவை வைன் எழுதுபவர்கள் தங்களுக்காக விட்டுவைத்த குறிப்புகள்; நன்றாக ஓடும் நிரலிலும் நூற்றுக்கணக்கில் வரும். பார்க்க வேண்டியது ‘எர்ர்’ என்று தொடங்கும் வரிகளை, அதிலும் முதலாவதை. பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்தான்.

அடுத்தது பிரிஃபிக்ஸ். ஹோமில் ‘.வைன்’ என்று மறைந்திருக்கும் கோப்புறைதான் உங்கள் பொய் விண்டோஸ். உள்ளே ‘டிரைவ்_சி’ இருக்கும். அதுதான் சி டிரைவ். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரிகூட அங்கேயே சாதாரண எழுத்துக் கோப்பாகக் கிடக்கும். எல்லா மென்பொருளையும் இந்த ஒன்றிலேயே கொட்டினால், ஒன்றுக்காகப் போட்ட மருந்து இன்னொன்றுக்கு விஷமாகும். ‘வைன்பிரிஃபிக்ஸ்’ என்ற மாறியைப் பெரிய எழுத்தில் எழுதி, அதற்கு ஒரு புதுக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டு வைனை ஓட்டினால், அந்த மென்பொருளுக்கென்று தனி விண்டோஸ் பிறந்துவிடும். சரியாக ஓடும் நாளில் அந்தக் கோப்புறையை நகலெடுத்து வையுங்கள். கெட்டுப்போன நாளில் நகலைத் திரும்பப் போட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

## சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை

டெர்மினலில் ‘ஃபைல்’ கட்டளையை அந்த எக்ஸ்இ மீது ஓட்டுங்கள். பதிலில் ‘பிஇ32’ என்று மட்டும் இருந்தால் 32 பிட். பின்னால் ஒரு கூட்டல் குறி இருந்தால் 64 பிட்.

‘கெர்னல்32 டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை’ என்று சொல்லி, சி0000135 என்ற எண்ணும் வருகிறதா? டிஎல்எல் என்பது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு. பழைய 32 பிட் நிரலை ஓட்டத் தேவையான பாதி வைன் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். டெபியனில் இந்த இடத்தில் வைனே ‘வைன்32 இல்லை போலிருக்கிறது’ என்று சொல்லி, அடிக்க வேண்டிய கட்டளையையும் எழுதிக் காட்டும்: முதலில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்ப்பது, பிறகு பட்டியலைப் புதுப்பித்து வைன்32ஐ நிறுவுவது. இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிழைச் செய்தி அபூர்வம். டெர்மினலில் ஓட்டாதவர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

‘பேட் எக்ஸ்இ ஃபார்மேட்’ என்று வந்தால், பெரும்பாலும் 32 பிட்டாக உருவாக்கிய பிரிஃபிக்ஸில் 64 பிட் நிரலை ஓட்டப் பார்த்திருப்பீர்கள். பிரிஃபிக்ஸின் பிட்டை நடுவில் மாற்ற முடியாது. புதிது உருவாக்குங்கள்.

கோப்புறை ‘உங்களுக்குச் சொந்தமானதல்ல’ என்று வந்தால், எப்போதோ ஒரு முறை சுடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு வைனை ஓட்டியிருக்கிறீர்கள். பிரிஃபிக்ஸ் ரூட் பயனர் பெயருக்குப் போய்விட்டது. ‘சிஹெச்ஓன்’ கட்டளையால் முழுக் கோப்புறையையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வைனுக்குச் சுடோ எப்போதும் வேண்டாம். வேறு எந்த ஆலோசனையைத் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. கணினியில் விண்டோஸும் இருக்கும். அந்த வன்தட்டுப் பிரிவில் ஏற்கெனவே நிறுவிய மென்பொருளை, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையிலிருந்தே வைனில் திறக்கப் பார்ப்பார்கள். நிறுவும்போது அந்த மென்பொருள் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்த எதுவும் வைனின் ரெஜிஸ்ட்ரியில் இல்லை. செட்டப் கோப்பை எடுத்து வைனுக்குள் முறையாக நிறுவ வேண்டும். அப்படியே பிரிஃபிக்ஸையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பிரிவில் வைக்காதீர்கள். டிரைவ் பெயர்களுக்காக வைன் முக்காற்புள்ளி உள்ள பெயரில் இணைப்புகளை உருவாக்கும். அங்கே அது தகராறு செய்யும்.

வைனை நிர்வகிக்கும் பாட்டில்ஸ் போன்றவற்றை ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதியாக நிறுவியிருந்தால், அது ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. பென்டிரைவில் இருக்கும் செட்டப் அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீலில் அந்தக் கோப்புறைக்கு அனுமதி கொடுங்கள், அல்லது கோப்பை ஹோமுக்கு நகலெடுத்துப் பாருங்கள்.

ஒரு வேடிக்கை. விண்டோஸ் 95 காலத்து மென்பொருள்கள் சிலவற்றில் நிரல் 32 பிட்டாகவும், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டாகவும் இருக்கும். 64 பிட் விண்டோஸ் அந்தச் செட்டப்பைப் பெரும்பாலும் தொடாது. வைனில் பல நேரம் அது ஓடிவிடும். பழைய குறுந்தகடு வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

## ‘டிஎல்எல் கிடைக்கவில்லை’

‘இம்போர்ட்_டிஎல்எல்’ என்ற வரியில் எந்த நூலகம் இல்லை, யார் கேட்டார்கள் என்று இரண்டும் இருக்கும். நூலகத்தின் பெயரைப் பார்த்தாலே மருந்து தெரியும். எம்எஸ்விசிபி140 என்றால் விஷுவல் சி++ 2015 அல்லது அதற்குப் பிந்தைய தொகுப்பு வேண்டும். எம்எஃப்சி42 என்றால் அதற்கும் முந்தைய காலத்து நிரல். இவற்றை நிறுவித் தரும் துணைக் கருவியான வைன்ட்ரிக்ஸின் பட்டியலில் இரண்டுமே உண்டு. தேர்ந்தெடுத்தால் தானே இறக்கி நிறுவும். டிஎல்எல் கோப்பைத் தனியாக இறக்கித் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். வைரஸ் ஒரு பயம். பதிப்பு பொருந்தாமல் இன்னும் குழப்பிவிடும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய நிரல் என்றால் வைன் தன்னிடமுள்ள மோனோ என்ற மாற்றை வைத்துச் சமாளிக்கப் பார்க்கும். சிறிய நிரல்களுக்கு அது போதும். போதாவிட்டால் வைன்ட்ரிக்ஸில் டாட்நெட் 4.8. ஆனால் ஏற்கெனவே பத்து விஷயம் போட்ட பிரிஃபிக்ஸில் அதை ஏற்றாதீர்கள். புதிதாக ஒன்றை உருவாக்கி, முதல் வேலையாக டாட்நெட்டை ஏற்றிவிட்டு, பிறகு உங்கள் மென்பொருளைப் போடுங்கள். நேரம் எடுக்கும். நடுவில் உறைந்துவிட்டது போலத் தோன்றும். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வைனின் அமைப்புக் கருவியான வைன்சிஎஃப்ஜியில் ‘லைப்ரரிஸ்’ என்ற பகுதியில், எந்த டிஎல்எல்லுக்கு வைனுடையது, எதற்கு மைக்ரோசாஃப்ட்டுடையது என்று மாற்றலாம். அங்கே கெர்னல்32, என்டிடிஎல்எல், யூசர்32, ஜிடிஐ32 நான்கையும் தொடாதீர்கள். அவை வைனின் முதுகெலும்பு.

## தமிழ் எழுத்து சரியாக வரவில்லை

இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள். ‘தமிழ் வரவில்லை’ என்று ஒரே பெயரில் நான்கு வேறு நோய்கள் இருக்கின்றன. திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் உற்றுப் பாருங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எழுத்துரு இல்லை. விண்டோஸ் நிரல் லதாவையோ நிர்மலா யுஐயையோ கேட்கும். லினக்ஸில் இரண்டும் கிடையாது. வைன்ட்ரிக்ஸின் ‘கோர்ஃபாண்ட்ஸ்’ தொகுப்பிலும் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழோ லோகித் தமிழோ நிறுவிவிட்டு, ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திறந்து, தற்போதைய பயனர் கிளையில் சாஃப்ட்வேர், வைன், ஃபாண்ட்ஸ், ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற பாதையில் ‘லதா’ என்று ஒரு பெயர் உருவாக்கி, மதிப்பாக ‘லோகித் தமிழ்’ என்று கொடுங்கள், ஆங்கில எழுத்தில். நிரல் லதாவைக் கேட்கும்போதெல்லாம் வைன் லோகித்தை எடுத்துக் கொடுக்கும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், எழுத்துருவைத் தேடி அலையாதீர்கள். அந்த நிரல் யூனிகோடு அறியாதது. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய பாணி குறிப்பக்கமே (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) கிடையாது, தமிழ் அங்கே யூனிகோடாக மட்டுமே உண்டு. அதனால் இதே நிரல் அசல் விண்டோஸிலும் கேள்விக்குறிதான் காட்டும். வைன்மேல் பழி போடுவதில் பயனில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கேள்விக்குறியைப் பார்த்ததும் கோப்பைச் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்துவிட்டால் அவை நிஜமாகவே கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. அந்த எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போடுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. முகமூடி இல்லையென்றால் அசல் முகம்.

தெரிந்தவர் ஒருவரின் டிடிபி கடையில் இதைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் என்று பல வருடத்துக் கோப்புகள், எல்லாம் பாமினி. பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, அவருடைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைனில் நிறுவிக் கொடுத்தோம். டிடிஎஃப் கோப்புகளை பிரிஃபிக்ஸில் டிரைவ்_சி, விண்டோஸ், ஃபாண்ட்ஸ் கோப்புறைக்குள் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் சில எழுத்துகள் மட்டும் அடம்பிடித்தன. அவை இருக்க வேண்டிய இடங்களில் வேறு ஏதோ. அரை நாள் எழுத்துருவையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் தோன்றியது, டெஸ்க்டாப்பின் மொழியே தமிழ். இந்த எழுத்துருக்கள் மேற்கத்தியக் குறிப்பக்கத்தை நம்பிச் செய்யப்பட்டவை, வைனோ கணினியின் மொழியைப் பார்த்துக் குறிப்பக்கத்தை முடிவுசெய்கிறது. ‘எல்சி_ஆல்’ மாறியில் அமெரிக்க ஆங்கிலம் யுடிஎஃப்-8 என்று கொடுத்து அந்த ஒரு மென்பொருளை மட்டும் திறந்தோம். சரியாகிவிட்டது. தமிழ் வருவதற்காக மொழியை ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது, அதை நினைத்து இன்றும் சிரித்துக்கொள்வோம்.

நான்காவது: எழுத்து தமிழ்தான், ஆனால் கொம்பு உயிர்மெய்க்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தெரிகிறது. இது எழுத்தைக் கோக்கும் பகுதியின் கோளாறு. வைனின் பதிப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் நிலையான பதிப்பு ஒன்று வருகிறது. உங்கள் லினக்ஸின் களஞ்சியத்தில் இருப்பது இரண்டு வருடம் பழையதாக இருக்கலாம். புதுப்பித்தும் சரியாகாவிட்டால், அந்த நிரல் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தானே வரைகிறது என்று பொருள். அதற்கு வெளியிலிருந்து மருந்து இல்லை.

காட்டுகிறது, ஆனால் தட்டச்சு ஏறவில்லை என்றால், தட்டச்சு முறையை நடத்தும் ஐபஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ‘எக்ஸ்மாடிஃபையர்ஸ்’ மாறி ஐபஸைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். பிறகு நிரலை மூடித் திறக்க வேண்டும்.

## கருவியை இணைத்தும் கண்டுகொள்ளவில்லை

வெல்ல மண்டி ஒன்றில் மின்னணுத் தராசு. “தம்பி, தராசுல எண் ஓடுது, கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது” என்றார் மண்டி அண்ணாச்சி. தராசிலிருந்து சீரியல் கம்பி, அதன் முனையில் யுஎஸ்பி மாற்றி. எடை எழுதும் விண்டோஸ் மென்பொருளில் காம்1 முதல் காம்4 வரையான வாயில்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மூன்று பூட்டுகள் இருந்தன. முதலாவது, மாற்றியைச் செருகினால் ‘டிடிஒய்யுஎஸ்பி0’ என்ற சாதனம் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜியில் பார்த்தால் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற சேவை அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் கருவிக்கான சேவை அது. மலிவான சிஹெச்340 மாற்றிகளின் அடையாள எண்ணும் ஒரு பிரெயில் கருவியின் எண்ணும் ஒன்றாக இருப்பதால், உபுண்டு 22.04இல் இந்தத் தொல்லை பிரசித்தம். அந்தக் கணினியில் பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் சேவையை நீக்கினோம்.

இரண்டாவது, அனுமதி. டெபியன், உபுண்டுவில் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு வெளியேறி உள்நுழையாமல் எதுவும் நடக்காது. இதை மறந்துவிட்டு நானே கால் மணி நேரம் வீணாக்கினேன்.

மூன்றாவது, எண். லினக்ஸ் கெர்னல் 32 சீரியல் வாயில்களைப் பெயருக்கு வைத்திருந்தது. வைன் அவற்றுக்கெல்லாம் முதலில் எண் கொடுத்துவிட்டு, தராசுக்குக் காம்33 கொடுத்திருந்தது. மென்பொருளோ நான்கோடு நிற்கிறது. ரெஜெடிட்டில் லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்ற இடத்தில் ‘காம்1’ என்று எழுதி, மதிப்பாக டிடிஒய்யுஎஸ்பி0வின் முழுப் பாதையைக் கொடுத்து, பின்னணியில் ஓடும் வைன்சர்வரை ‘கே’ விருப்பத்தோடு நிறுத்தி மறுபடி திறந்தோம். பெட்டியில் 48.350 என்று எடை வந்து நின்றது.

சீரியல் என்பதால் இது முடிந்தது. யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகும் சிறு கருவி) கேட்கும் மென்பொருள், தனக்கென்று விண்டோஸ் டிரைவர் நிறுவச் சொல்லும் ஸ்கேனர் இவையெல்லாம் கெர்னலுக்குள் உட்கார வேண்டியவை. லினக்ஸ் கெர்னலுக்குள் விண்டோஸ் டிரைவரை வைனால் உட்கார்த்த முடியாது. டிரைவர் செட்டப் ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள், அதைத் தயாரித்தவர்கள் லினக்ஸுக்கே மென்பொருள் தருகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

## அச்சுப்பொறி பட்டியலில் இல்லை

லினக்ஸில் அச்சாகிறது, வைனுக்குள் மட்டும் இல்லை என்றால், லினக்ஸின் அச்சு முறையான கப்ஸின் 32 பிட் நூலகம் இல்லாமல் இருக்கக் கூடும். ‘லிப்கப்ஸ்2’ஐ ஐ386 வடிவிலும் நிறுவுங்கள். விண்டோஸ் பிரிண்டர் டிரைவரை வைனுக்குள் போட முயல வேண்டாம், தேவையும் இல்லை.

## எழுத்து எறும்பு சைஸில் இருக்கிறது

வைன்சிஎஃப்ஜி, கிராஃபிக்ஸ் பகுதி. 96 என்றிருக்கும் டிபிஐயை 144 அல்லது 192 ஆக்குங்கள். அதே பக்கத்தில் ‘வர்ச்சுவல் டெஸ்க்டாப்’ என்ற தேர்வு இருக்கிறது. முழுத்திரைக்குப் போய்த் திரையின் அளவையே மாற்றிவிட்டு, மூடிய பிறகும் மீளாத பழைய விளையாட்டுகளை அதில் அடைத்துவைக்கலாம்.

## விளையாட்டு கறுப்புத் திரையோடு நிற்கிறது

ஸ்டீமில் இருந்தால் வைனோடு மல்லுக்கட்டாமல் புரோட்டானை இயக்குங்கள். வால்வ் 2018இல் வெளியிட்ட இது, வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. டிஎக்ஸ்விகே, விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலை வேண்டுகோள்களை லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றும். அதன் 2.0 பதிப்பு முதல் வல்கன் 1.3 கட்டாயம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகளின் கிராஃபிக்ஸில் பெரும்பாலும் அது இருக்காது. கறுப்புத் திரைக்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘வல்கன்இன்ஃபோ’ ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் டிஎக்ஸ்விகே 1.10.3க்கு இறங்குங்கள், அல்லது அதை எடுத்துவிட்டு வைனின் ஓப்பன்ஜிஎல் வழியே விடுங்கள். ஒலி கரகரத்தால் ‘பல்ஸ்_லேட்டன்சி_எம்செக்’ மாறிக்கு 60 கொடுத்துப் பாருங்கள். ஏமாற்றுத் தடுப்புக்கென்று கெர்னலில் டிரைவர் போடும் இணைய விளையாட்டுகள் பலவும் ஓடாது.

## நோட்பேடு வந்து உட்கார்ந்துகொண்டது

லினக்ஸில் சாதாரண எழுத்துக் கோப்பைச் சொடுக்கினால் வைனின் நோட்பேடு திறக்கிறதா? வைன் உங்கள் கோப்பு வகைகளைக் கைப்பற்றியிருக்கிறது. வைன்சிஎஃப்ஜியில் ‘டெஸ்க்டாப் இன்டக்ரேஷன்’ பகுதியில் கோப்புத் தொடர்பு பற்றிய டிக்கை எடுங்கள். அதே பக்கத்தில், வைனின் ‘டாக்குமென்ட்ஸ்’ உங்கள் நிஜக் கோப்புறையோடு இணைந்திருப்பதும் தெரியும். நம்பிக்கையில்லாத எக்ஸ்இயை ஓட்டுவதாக இருந்தால் அந்த இணைப்பைத் துண்டியுங்கள். இசட் டிரைவ் என்பது உங்கள் லினக்ஸின் வேர்க் கோப்புறையேதான், அதையும் ‘டிரைவ்ஸ்’ பகுதியில் எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தாலும் வைன் பாதுகாப்புக் கூண்டாகிவிடாது. வைரஸுள்ள நிரல் உங்கள் பயனர் தொடக்கூடிய எதையும் தொடும்.

## நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

முதலில் வைன்சர்வரை ‘கே’ போட்டு நிறுத்துங்கள். பாதியில் செத்த நிரல் ஒன்று பின்னால் உட்கார்ந்திருக்கலாம். கணினி புதுப்பிப்போடு வைனும் புதுப்பிக்கப்பட்டிருந்தால் பிரிஃபிக்ஸைப் புதுப்பிக்கும் ‘வைன்பூட்’டை ‘யு’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். புதிய வைன் தொட்ட பிரிஃபிக்ஸைப் பழைய வைனுக்குத் திருப்பிக் கொடுத்தால் சரியாக வருமென்று எதிர்பார்க்காதீர்கள். நகல் எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நகலும் இல்லை, மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால், புதிய பிரிஃபிக்ஸ் ஒன்றில், வைன்ட்ரிக்ஸ் எதுவும் போடாமல், செட்டப்பை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே எர்ர் வரி வந்தால் அது வைனின் பிழை. அந்த டெர்மினல் வரிகளைக் கோப்பில் சேமித்து, கடைசியாக வந்த சோதனைப் பதிப்பிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, வைன் திட்டத்தின் பிழைப் பதிவில் போடுங்கள். வேலை நாளைக் காலையில் முடிய வேண்டும், காத்திருக்க முடியாது என்றால் கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் வர்ச்சுவல்பாக்ஸில் அசல் விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள். டாங்கிளை அதற்குள் நேராகவே ஒப்படைக்கலாம்.